நான்கு மீட்டர் பத்து

தனியாள் ஒருவர் எவ்வளவு பெரிய மோட்டார் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு சர்க்கார் ஒரு வரம்பு போட வேண்டுமா என்று மேரியில் மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறதாம். மேரி என்று புதுச்சேரியில் நாங்கள் சொல்வது நகரசபையை. அங்கே இப்போது வேலையில் இருக்கும் இரண்டு பேர் போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். முன்பு ஒருமுறை இதே பேச்சு வந்து, தெருவை அளந்து, ஒன்றும் இல்லாமல் போனதே, அன்றைக்குச் சங்கிலி பிடித்தவர் நீங்கள்தானே, நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். வந்து சொல்லச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். எழுதுவதென்றால் எதிரில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சரி என்றேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரம்பு போட வேண்டும். போட மாட்டார்கள். இந்தத் தடவையும் தெருவை அளப்பார்கள். அளவு சரியாகத்தான் இருக்கும்.

நான் படித்தது சாமியார் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை. நாலு பேர் எதிரே நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெண் பார்க்கப் போன வீட்டில் பெயரைக் கேட்டதற்கு என் மாமாதான் பதில் சொன்னார். மராமத்து இலாகாவில் சங்கிலி பிடிக்க ஆள் வேண்டும் என்றபோது போய்ச் சேர்ந்தேன். பத்து மீட்டர்ச் சங்கிலியின் ஒரு முனையை ஒருவன் பிடிக்க, இன்னொரு முனையை நான் தூரத்தில் கொண்டுபோய் ஆணி அடித்து நிறுத்த வேண்டும். பேச வேண்டியதெல்லாம் அந்தப் பக்கம் நடக்கும். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. முழங்கால் மடக்க முடியாமல் போகும் வரை அதையே செய்தேன்.

என் மேலதிகாரி முசியே செல்வநாதர். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. தமிழர்தான், பிரெஞ்சுப் படிப்பு. எங்களோடு தமிழில் பேசுவார், எண்களை மட்டும் பிரெஞ்சில் சொல்வார். அளவு நாடாவைக் கையில் எடுத்தால் கைக்குட்டையால் முழு நீளத்தையும் ஒருமுறை துடைப்பார். எந்த அளவானாலும் இரண்டு தடவை. முதல் தடவை நான் பிடித்த முனையை இரண்டாவது தடவை மற்றவன் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் பென்சிலை எடுப்பார். ஒத்துவராவிட்டால் கோபப்பட மாட்டார். "மறுபடி" என்பார். ஒரு நாள் சுண்ணாம்புக் காளவாய் ஒன்றை ஒன்பது தடவை அளந்தோம். ஒன்பதாவது தடவையும் அதே குரலில்தான் "மறுபடி" என்றார்.

இரண்டாவது வருஷம் நான் ஒரு தப்பு செய்தேன். அண்ணன் தம்பி இரண்டு பேர் வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர். அதை அளந்தபோது, அவர் எழுதுவதற்கு முன்னால், "எட்டு சென்டி உள்ளே வந்திருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். என் வாழ்நாளில் பொது இடத்தில் நானாக வாய் திறந்தது அதுதான். முசியே கையெழுத்துப் போடுவதற்குள் தம்பி உலக்கையை எடுத்துவிட்டான். அண்ணனுக்கு ஒரு காது அன்றோடு போயிற்று. முசியே என்னைத் திட்டவில்லை. மறுநாள் ஒரு சிலேட்டும் பல்பமும் கொடுத்தார்.

"இனிமே எண்ணை இதுல எழுதிக் காட்டு, அந்துவான். உன் வாய்க்கு வேலை இல்லை."

அந்தோணி என்ற என் பெயரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். வேறு ஒருவனுக்கு அது தண்டனையாக இருந்திருக்கும். நான் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் என் வாய்க்கு வேலை இருந்தது. அறிக்கைத் தாளின் அடியில் ஒரு வரி காலியாக விட்டிருக்கும். அளந்தவர்கள் தாங்கள் அறிந்த வேறு எதையாவது சொல்ல விரும்பினால், அது அவர்கள் பெயரோடு அங்கே ஏற வேண்டும். அதனால் முசியே எண்களை எல்லாம் படித்துக் காட்டிவிட்டு, ஒவ்வொருவரையும் பார்த்து, "சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா?" என்று கேட்பார். கேட்காமல் கையெழுத்து வாங்க மாட்டார். "இல்லை, முசியே" என்பேன். இருபத்தைந்து வருஷமும் அதையே சொன்னேன்.

மோட்டார்கள் வந்த பிறகு அவற்றையும் நாங்கள்தான் அளந்தோம். அகலத்தை அளப்பதில் முசியே ஒரு முறை வைத்திருந்தார். வண்டியின் மேல் நாடாவைப் போட்டு இழுத்தால் வளைவில் அளவு ஏறிவிடும். அதனால் இரண்டு பக்கமும் மட்கார்டு அதிகமாகப் புடைத்திருக்கும் இடத்தில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, குண்டு அசைவு நிற்கும் வரை காத்திருந்து, தரையில் இரண்டு புள்ளி வைத்து, வண்டியைத் தள்ளிவிட்டு, புள்ளிக்குப் புள்ளி அளக்க வேண்டும். ஆரம்பத்தில் வந்த மோட்டார்கள் குதிரைவண்டி அகலம்தான். பிறகு ஒவ்வொரு வருஷமும் புள்ளிகள் தள்ளித் தள்ளிப் போயின. உள்ளே உட்காருகிறவர்கள் அதே ஆட்கள்தான்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தெருவின் கோடியில் கிடங்கு வைத்திருந்த முதலாளி ஒருவர், ஊரில் அதுவரை பார்த்திராத அகலத்தில் ஒரு அமெரிக்க மோட்டார் வாங்கினார். கரும்பச்சை. ஒரு மீட்டர் எண்பத்தெட்டு. நான் நான்கு தடவை அளந்தேன். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. எங்களுக்கு பெஞ்சு போடச் சொல்லி மோர் கொடுத்தார். அவருடைய தாயாருக்குக் காலில் நீர் கோத்து மடக்க முடியாது, அவரைப் படுக்க வைத்துக் கூட்டிப்போகத்தான் இந்த வண்டி என்றார். அது உண்மை. அந்த அம்மாளை நான் பார்த்தேன். ஆனால் மாதத்தில் இரண்டு நாள் அந்த அம்மாள் போவார். மற்ற நாளெல்லாம் முதலாளி ஒருவரே பின்னால் உட்கார்ந்து போவார்.

அந்தத் தெரு கிடங்குக்குப் பின்வாசல் வழி. இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்களும் இந்துக்களுமாகக் கலந்த சின்ன வீடுகள். வீட்டுக்குள் ஒரு அறைதான் இருக்கும். அதனால் ஒவ்வொருவரும் வாசலில் மூங்கில் நட்டு, கீற்றுச் சாய்ப்பு இறக்கி, அதன் கீழ்தான் பிழைத்தார்கள். ஒரு தையல் மெஷின், இரண்டு ஆப்ப அடுப்பு, கட்டில்கள், தண்ணீர்ப் பீப்பாய்கள், ஆடுகள். சாய்ப்புக்குச் சாய்ப்பு நடுவில் மிஞ்சுவதுதான் தெரு. நான் வேலைக்கு அந்த வழியாகத்தான் போவேன். சங்கிலிக்காரன் கால் தானாகவே எண்ணும். குறுக்கே மூன்று எட்டு வைத்தால் முடிந்தது. ஒரு இடத்தில் மூன்றுகூட இல்லை.

அங்கே சின்னப்பன் என்று ஒருவன் இருந்தான். புஷ்புஷ் தள்ளுகிறவன். ஏறி உட்கார்ந்தவர் முன்னால் உள்ள பிடியைத் திருப்பிக்கொள்ள, பின்னாலிருந்து ஆள் தள்ளிக்கொண்டு ஓடும் அந்தச் சின்ன வண்டியை வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு நாள் காலையில் காலி வண்டியோடு அவன் தெருவுக்குள் வர, எதிரே அந்த மோட்டார். மோட்டார் வேகமாக வரவில்லை. ஹாரனும் அடித்தது. நடந்து வருகிற வேகம்தான். சின்னப்பன் வண்டியை அடுத்தடுத்த இரண்டு சாய்ப்புக்கு நடுவில் இருந்த சந்தில் தூக்கி நிறுத்தினான். தான் நிற்க இடமில்லை. மட்கார்டு அவனைத் தண்ணீர்ப் பீப்பாயோடு வைத்து மெதுவாக உரசிக்கொண்டு போயிற்று. இடுப்பு எலும்பு உடைந்தது.

டிரைவர் மேல் தப்பில்லை என்று போலீஸில் எழுதினார்கள். அதுவும் சரிதான். வேகம் இல்லை, குடி இல்லை. வண்டியின் அகலத்தைத் தவிர வேறு குற்றமே இல்லை.

நான் பார்க்கப் போனபோது சின்னப்பன் படுத்தபடியே சிரித்தான். "அது என்னை இடிக்கலண்ணே. மரியாதையா வழிதான் கேட்டுச்சு. நான்தான் பீப்பாய்க்குள்ள போய் நின்னிருக்கணும்." அவன் மனைவி லூர்து, வாயை மூடு என்று அதட்டினாள். அதற்குள் அவள் வாசல் சாய்ப்புக்குக் கீழே ஆப்ப அடுப்புப் போட்டிருந்தாள். இனி அந்தக் குடும்பத்துக்குச் சோறு அந்த அடுப்பில்தான்.

லூர்துவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விடவில்லை. சபையில் ஒரு சின்ன வயது அங்கத்தினர் இருந்தார். அவர் வீட்டு வாசலில் போய் மூன்று வாரம் நின்றாள். கடைசியில் அவர், தனியாள் வைத்துக்கொள்ளும் மோட்டார் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு யோசனையைச் சபையில் வைத்தார். லாரியும் ஆஸ்பத்திரி வண்டியும் இதில் சேராது. ஊரே அதைப் பற்றிப் பேசியது. கடற்கரைப் பக்கம் பங்களாக்களில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் தெருவில் இரண்டு மோட்டார் பக்கத்தில் பக்கத்தில் போகும். எங்களுக்கு மட்டும் ஏன் தடை என்று கேட்டார்கள். முதலாளி அலுவலகத்துக்கே வந்தார்.

"நாளைக்கு என் வயிறு இத்தனை சென்டிதான் இருக்கணும்னு சட்டம் போடுவீங்களா, முசியே?"

எல்லோரும் சிரித்தார்கள். முசியே நாடாவைத் துடைத்துக்கொண்டே, "உங்க வயிறு தெருவுல தனியா ஓடறதில்லையே" என்றார். முதலாளியும் சிரித்துவிட்டார்.

அப்போதெல்லாம் லூர்துவுக்கு நம்பிக்கை இருந்தது. எனக்கும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். சபை தீர்மானிப்பதற்கு முன் ஒரு குழு நேரில் வந்து, தெருவை அன்று கண்டபடி அளந்து, அந்த மோட்டாரையும் ஓட்டிப் பார்க்கும் என்று முடிவானது. அன்று கண்டபடி என்றால் சாய்ப்பு இருந்தால் சாய்ப்போடு, பீப்பாய் இருந்தால் பீப்பாயோடு. அளந்தால் இரண்டரை மீட்டர்கூடத் தேறாது. ஒரு மீட்டர் எண்பத்தெட்டு உள்ளே வந்தால் ஒரு மனிதன் நிற்க இடமில்லை என்பது தாளில் ஏறிவிடும். எண் ஏறிவிட்டால் யாரும் வாயாட முடியாது என்று நினைத்தேன்.

அளப்பதற்கு முந்தின நாள், தெருக்காரர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு வருவது சங்கிலிக்காரன் வேலை. திடீரென்று அதிகாரிகள் வந்து நின்றால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்று முசியே வைத்த வழக்கம். வீடு வீடாகச் சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் எப்போதும் பெரிய பாடு. அன்றும் ஒரு வீட்டில்தான் சொன்னேன். லூர்து அடுப்படியில் இருந்தாள். "நாளைக்குக் காலையில அளக்க வராங்கம்மா. மத்தவங்ககிட்ட சொல்லிடு" என்றேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "நான் பாத்துக்கறேண்ணே, நீங்க போங்க" என்றாள். அவ்வளவுதான். வந்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாங்கள் தெருமுனையில் திரும்பியபோது, தெரு மாறி வந்துவிட்டோமோ என்று நின்றேன். ஒரு சாய்ப்பும் இல்லை. மூங்கில்களைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். தையல் மெஷின் இல்லை, கட்டில் இல்லை, ஆடு இல்லை. பீப்பாய்களை எங்கே உருட்டிக்கொண்டு போனார்களோ தெரியாது. கோடியிலிருந்து கோடிவரை பெருக்கித் தண்ணீர் தெளித்து, வாசலுக்கு வாசல் கோலம். கிறிஸ்தவர் வீட்டு வாசலிலும் கோலம். லூர்து கல்யாணப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், தெரு அலங்கோலமாக இருந்தால் நம் பேச்சை யார் மதிப்பார்கள் என்று விடியற்காலையிலிருந்து எல்லோரையும் விரட்டி வேலை வாங்கியிருக்கிறாள். என்னைப் பார்த்து, எப்படி என்பது போலத் தலையை ஆட்டினாள்.

அளந்தோம். பத்து மீட்டருக்கு ஒரு இடம். முசியே நாடாவைத் துடைத்தார். நான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். குறுகலான இடத்தில் நான்கு மீட்டர் பத்து. முனை மாற்றிப் பிடித்தோம். நான்கு மீட்டர் பத்து.

பிறகு மோட்டார் வந்தது. ஒரு புஷ்புஷ்ஷையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றார் குழுவில் ஒருவர். லூர்து ஓடிப்போய், சும்மா கிடந்த சின்னப்பன் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து சுவர் ஓரம் நிறுத்தினாள். மோட்டார் அதைத் தாண்டிப் போனது. நடுவில் இன்னும் ஒரு ஆள் நிற்கலாம். உரசாமல் போய்விட்டதே என்று தெருக்காரர்களுக்கே ஒரு சந்தோஷம். சிலர் கை தட்டினார்கள்.

முசியே எண்களைப் படிக்கும்போது அவருடைய பூட்ஸ் ஒரு இடத்தில் மண்ணில் இறங்கியது. மூங்கில் பிடுங்கிய குழி. புது மண் போட்டு மேலே கோலத்தை இழுத்திருந்தார்கள். அவர் காலை எடுத்து அதைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி இன்னொரு குழி, அதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று. எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா, அந்துவான்?"

வழக்கமாகக் கேட்டுவிட்டு உடனே தாளைப் பார்ப்பார். அன்று பார்க்கவில்லை. பென்சிலைக் காலி வரியின் மேல் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழு நின்றது, முதலாளி நின்றார், தெரு முழுவதும் நின்றது. நேற்றுவரை இங்கே சாய்ப்பு இருந்தது, மூன்று எட்டுக்கு மேல் வழி இல்லை, இவர்கள் மரியாதைக்காக எடுத்துவிட்டார்கள். இந்த மூன்று விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

"இல்லை, முசியே" என்றேன்.

தெருவில் சாய்ப்பு இறக்குவது சட்டப்படி குற்றம், சொல்லியிருந்தால் தெருக்காரர்கள்மேல் அபராதம் விழுந்திருக்கும், அதை நினைத்துத்தான் சொல்லவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது பொய். அந்த நேரத்தில் நான் எதையும் நினைக்கவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் முசியே ஆபீஸ் வாசலில் நின்று, "அந்த வரி அளந்தவங்களுக்கு உள்ளது. நானா அதுல எதையும் எழுத முடியாது" என்றார். அதற்குப் பிறகு அவரும் நானும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

சபையில் யோசனை தள்ளுபடியானது. தெருவின் அகலம் போதுமானதாக இருப்பதால் தனியார் மோட்டாரின் அளவுக்கு வரம்பு தேவையில்லை. இரண்டு வரிதான். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. தெருவின் அகலம் நான்கு மீட்டர் பத்து என்று சர்க்கார் தாளில் ஏறிவிட்டது அல்லவா? அளந்த அகலத்தைக் குறைக்கக் கூடாது என்று அடுத்த மாதமே உத்தரவு வந்தது. பிடுங்கிய மூங்கிலை மறுபடி நட முடியவில்லை. தையல்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு சாரம் கிராமத்துப் பக்கம் போய்விட்டார். லூர்து அடுப்பை அறைக்குள் கொண்டுபோனாள். உள்ளே சின்னப்பன் படுத்திருந்தான். புகையில் அவனுக்கு இருமல் பிடித்தது. ஆப்பம் வாங்க உள்ளே யார் வருவார்கள்? தெரு நேராக, வெறிச்சென்று ஆகிவிட்டதால் கரும்பச்சை மோட்டார் முன்னைவிட வேகமாகப் போனது. அப்படிப்பட்ட தெருவிலேயே போகிறதே என்று வேறு நாலு பேர் பெரிய மோட்டார் வாங்கினார்கள். அவற்றுக்கும் நான்தான் தூக்குக்குண்டு தொங்கவிட்டேன்.

சொந்தக் காசில் வாங்குகிறவனைத் தடுக்க சர்க்காருக்கு என்ன உரிமை என்று இப்போதும் கேட்கிறார்கள். அவன் வாங்கிய வண்டி அவனுடையதுதான். அதற்கு வேண்டிய இடத்தை அவன் வாங்கவில்லை. அதை யாரிடமிருந்தோ எடுத்துத்தான் கொடுக்கிறார்கள். இதை நான் அறிந்தபடி சொல்கிறேன். எடுத்துக் கொடுத்த கைகளில் என் கையும் ஒன்று.

நான் வேலையை விட்ட வருஷம், சின்னப்பன் இறந்து நாற்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து லூர்து கோயில் வாசலில் என்னிடம் வந்தாள். மெலிந்திருந்தாள். சபையில் ஏன் அப்படித் தீர்த்தார்கள் என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. அவளாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"கோடி வீட்டுக் கிழவி அன்னைக்குச் சாக்கடைகிட்ட விறகை எடுக்காமயே விட்டுட்டாண்ணே. சொல்லிச் சொல்லிப் பாத்தேன், கேக்கல. அதைப் பாத்துதான் அவங்களுக்கு மனசு விட்டுப்போச்சு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"மறுபடி எப்பவாவது அளக்க வந்தாங்கன்னா, ஒரு நாள் இல்லண்ணே, ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிடுங்க. ஒரு குச்சி இல்லாம வழிச்சு எடுத்துடறேன்."

"சொல்றேம்மா" என்றேன்.